அக்கா சிரிக்கும்போது

வைகாசி 9, திங்கள்

விடியுமுன்பே மழை. ரப்பர்ப் பால்வெட்டு இல்லை. துணி எதுவும் காயவில்லை.

அக்கா காலையிலிருந்து ஒரே மாதிரி முனகல். காதைத் தட்டிக்கொள்கிறாள். முப்பத்து நான்கு வயது. பேச்சு வரவில்லை, புத்தி குழந்தையளவில் நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை முனகலைக் கேட்டே பசியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். தையில் அம்மா போனாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

பக்கத்து வீட்டு அஞ்சலை: "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே. வீம்புலா அது."

லயத்து வரிசை வீடுகள் நிறைய ஆட்கள். எனக்குப் பேச்சுத்துணை இந்த நோட்டுதான்.

வைகாசி 10, செவ்வாய்

ரந்தாவ் பசாரில் சோப்பு வாங்க வேண்டும். மண்ணெண்ணெயும்.

அக்காவின் முந்தானை முடிச்சில் ஒரு பிடி சோறு! முள்வேலியைத் தாண்டி ஒரு பருக்கை போனாலும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு என்று போலீசார் பிடித்துப் போய்விடுவார்கள். அரிசியே அளந்துதான் கிடைக்கிறது. கையில் இரண்டு போட்டேன். சிரித்தாள். திட்டினால் எப்போதும் இந்தச் சிரிப்புதான். எரிச்சலில் இன்னொன்று போட்டேன்.

வைகாசி 11, புதன்

வீட்டில் விட ஆளில்லை, வேலைக்கு அக்காவும் வருவாள். முள்வேலிக் கேட்டில் சோதனை. சோதிக்கிற பெண் அக்காவின் இடது கன்னத்தைப் பார்த்தாள். உப்பியிருந்தது.

"வாயில என்னா? அரிசியா? தொற!"

கன்னத்தை அழுத்தினாள். அக்கா கடகடவென்று சிரித்தாள். துப்பாக்கியோடு போலீஸ்காரர் வந்துவிட்டார். நானும் அரிசி என்றேதான் நினைத்தேன். "துப்புக்கா, ஒன்னக் கும்புடுறேன், துப்பு." விரலை விட்டுப் பார்த்தேன். அரிசியில்லை, சீழ். கடைவாய்ப் பல்லடியில் ஈறு கொதித்தது. மெல்ல முடியாத சோற்றை, நான் திட்டுவேனென்று முந்தானையில் ஒளித்திருக்கிறாள். பாவி நான்.

தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுக்கும் டிரெஸர் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். மரத்துப்போக ஊசி கேட்டேன்.

"ஊசி எதுக்கும்மா? இதுங்களுக்கு வலி தெரியாது. பாரு, சிரிக்குது."

"அது சிரிப்பில்லைங்க ஐயா. அதுக்கு அழுக வந்தா அப்படித்தான் வரும்."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. இடுக்கி பிடித்த அவர் கையைப் பற்றிக்கொண்டு விடவில்லை நான். முணுமுணுத்துக்கொண்டே சிரம்பான் டவுனுக்கு லாரியில் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிடுங்கினார்கள். என் சேலையைப் பிடித்தபடி இருந்தாள். சிரிக்கவில்லை.

வைகாசி 13, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது. குழைந்த சோறு முழுவதும் தின்றாள். முனகல் இல்லை.

மறக்காமலிருக்க:
காதைத் தட்டினால் பல்லைப் பார்.
ஒரு பக்கமாக மென்றாலும்.
சோற்றை ஒளித்தால் கை ஓங்காதே.
சிரித்தால்

அம்மாவைத் தூக்கிய அன்று அக்கா விடாமல் சிரித்தாள். வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதென்று அறைந்து, அடுப்படியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் விடவில்லை.