அஞ்சலிக்குக் கல்யாண எழுத்து

பஞ்சவர்ணத்துக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? மாத்திரையை விடாதே.

கடையில் சின்னச் சச்சரவு, பயப்பட ஒன்றும் இல்லை. ரோகிணி என்றொரு பெண் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலிக்குப் பேனர் கேட்டு வந்தாள். சுருள் சுருளாகக் கொடி ஓடும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

"அது மணமக்கள் பேருக்குப் போடுறதும்மா. மெல்லிசு கோடு. ரோட்டுல போறவங்களுக்குப் படிக்க வராது" என்றேன்.

"அப்பாவுக்கு கிராண்டா இருக்கணும் லா, அங்கிள்."

நான் முடியாது என்றேன். முதலாளி லோகன், "கஸ்டமர் கேக்குறத போடுங்கண்ணே, உங்க பாடம் யாருக்கு வேணும்?" என்று கம்ப்யூட்டரிலிருந்து என்னை எழுப்பிவிட்டு அவனே செய்தான்.

கிள்ளானில் அவள் வீட்டு முனையில் ஏணி போட்டுக் கட்டியது நான். பைக்கில் போன ஒருவர் பேனரில் அவள் அப்பா படத்தையும் கொடி எழுத்தையும் பார்த்துவிட்டு, "யாருக்கு அறுபதாம் கல்யாணம், அண்ணே?" என்றார். ரோகிணி வாசலிலேயே நின்றாள். நான் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஏணியை மடக்கினேன்.

தன்னிடம் மன்னிப்புக் கேட்டால் பழையபடி கம்ப்யூட்டர் நாற்காலி உண்டு என்கிறான் லோகன். நானா கேட்பேன்? இனி ஏணி வேலைதான்.

நம் தெரு அப்துல் காதர் இங்கே வரும்போது முழங்கால் தைலம் கொடுத்தனுப்பு. இரண்டு பாட்டிலாகவே அனுப்பு.

கடை லோரி ஹார்ன் அடிக்கிறது.

சின்னையா