பார்க்காமல் எழுதிய நான்கு டிகிரி

அம்முக்குட்டிக்கு,

ஆண்டவருடைய தயவில் நானும் உன் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தத் தயவுக்குள் வராமல் தனியாக அடம்பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். மாடி வீட்டுக்காரர்கள் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள், நம் குளியலறைச் சுவர் இப்போதுதான் காய்கிறது. பத்து நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மா தூங்குகிறாள் என்று அப்பா சொன்னாரே, அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த பொய். ஒரு மனுஷி ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பாளா என்று நீயாவது யோசித்திருக்கலாம். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் ஒரு பாவம் செய்தேன், அதனால் இன்னொருத்தியின் வேலை போக இருந்தது.

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். அங்கே குழந்தைகளின் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எத்தனை டிகிரி என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகூட. இருபது வருஷமாக எழுதுகிறேன், எப்போது பார்த்தாலும் நான்கு, என்றைக்காவது ஐந்து. புது ஆலயத்தின் பிரதிஷ்டையில் நம் பாடகர் குழு பாடப் போகிறது என்று முடிவானதும், குழுத் தலைவி நான்தானே, எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நான்கு மணிக்கே பயிற்சிக்கு ஓடினேன். ஐந்து மணிக்கு எழுத வேண்டியதை மூன்று மணிக்கே எழுதிவைத்தேன். அந்தச் சனிக்கிழமை மதியம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்று மாலைக்கு மட்டுமல்ல, ஞாயிறு காலைக்கும் மாலைக்கும் சேர்த்தே நான்கு நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆண்டவருடைய வேலைக்குத்தானே போகிறோம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அருமையாகப் பாடினோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கிடங்கின் உதவியாளர், ஓயாமல் பேசுவதால் எல்லோரும் கிளி என்று கூப்பிடுகிற அந்தப் பெண், வாசலிலேயே நின்றாள். அக்கா, நான் ஏழு மணிக்கு வந்தப்பவே பிளக் கழண்டு கிடந்துச்சு, உடனே செருகிட்டேன் என்றாள். பெரிய டாக்டர் வருவதற்குள் ஃபிரிட்ஜ் மறுபடி குளிர்ந்திருந்தது, அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஞாயிறு மாலைவரை எல்லாம் சரி என்று என் கையெழுத்து சொல்கிறது. அப்படியானால் காலையில் தரை துடைக்கும்போது கிளிதான் பிளக்கைத் தட்டிவிட்டாள், மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தார். கொஞ்ச நேரம்தானே நின்றிருக்கும், மருந்து கெட்டிருக்காது, போடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். சனிக்கிழமையிலிருந்தே நின்றுபோயிருந்தாலும் இருக்கலாம் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை அம்மு. அன்றைக்குப் பதினோரு குழந்தைகளுக்கு அந்த மருந்தைப் போட்டார்கள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளிக்கு விளக்கம் கேட்டு ஆபீஸ் ஓலை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதாவிட்டால் வேலை இல்லை என்று. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். யாரிடம் வந்தாள் பார். நீங்க ஜெபம் பண்றவங்க அக்கா, உண்மை வெளிய வரணும்னு எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க என்றாள். நான் பண்ணினேன். அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, இந்தப் பிள்ளையின் நியாயத்தை வெளிப்படுத்தும் ஆண்டவரே என்று சத்தமாகவே பண்ணினேன். அவள் ஆமென் என்றாள், நானும் ஆமென் என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னவென்று அப்பா கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், காலையில போய்ச் சொல்லிடு, வேலை போனா போகட்டும், தையல் மெஷின் இருக்குல்ல, உன்னைப் பட்டினி போட்டுடுவேனா என்றார். மனுஷன் அன்றைக்கே அதைத் துடைத்து எண்ணெயும் போட்டுவிட்டார்.

புதன்கிழமை பெரிய டாக்டரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, இதுல எது நிஜம், எது பொய்னு நீங்களே குறிச்சுக் கொடுங்க என்றார். மூன்று மாதப் பக்கங்களில் என் கையாலேயே கோடு போட்டேன். கிளியிடம் அவர் மன்னிப்புக் கேட்டு ஓலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிடங்குச் சாவியை என்னிடமிருந்து வாங்கி, துவைத்த துணி எண்ணுகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். போதகர் ஒரு வருஷம் குழுவை நடத்த வேண்டாம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் தண்டனையா என்று முறைத்துக்கொண்டு வந்தேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, அன்றிரவே நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அந்தப் பதினோரு குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி குத்தித்தானே ஆக வேண்டும்? பாவம் செய்தவள் நான், குத்து வாங்குவது அவர்கள்.

அவர்களுடைய தாய்மாரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு தாய், உங்களுக்கும் பிள்ளை இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நேற்று எல்லோரும் வந்தார்கள், அவள் உட்பட. கிளிதான் குழந்தைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஊசி போடும் நர்ஸிடம் கொண்டுபோனாள். அதற்கு முன்தினம் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள், என் தலையில கை வச்சப்பவே தெரியுமா அக்கா என்று. தெரியும் என்றேன். அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, கிளி பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். நான் சுவரோரமாக நின்றேன். ஐந்தாவது குழந்தை உதைத்துக்கொண்டு வீறிட்டது. கிளி திரும்பி, என்னக்கா மசமசன்னு நிக்கிறீங்க, வந்து காலைப் பிடிங்க என்று ஒரு அதட்டல் போட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். மீதி அத்தனை குழந்தைகளின் காலையும் நான்தான் பிடித்தேன்.

இனி உன் விஷயம். வேலை நெருக்கடியில் இரண்டு வாரம் சபைக்குப் போகவில்லை என்று போன மாதம் நீ சொன்னதற்கு, ஆண்டவருக்கு முதலிடம் கொடுக்கத் தெரியாதா என்று ஒரு மணி நேரம் உன்னை வறுத்தெடுத்தேனே, அது கிடங்கிலிருந்து பேசியது. போனைக் காதில் வைத்துக்கொண்டே மாலை ஐந்து மணிக் கட்டத்தில் நான்கு என்று எழுதினேன் அம்மு. அப்போது மணி மூன்று. முதலிடம் என்பது எனக்கு நாலு பேர் பார்க்கிற மேடையாக இருந்தது, யாரும் பார்க்காத ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சபைக்குப் போ, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் மேஜையில் நீ கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவரை முதலில் நிறுத்து. அன்று திட்டியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக, உங்கள் போக்கிலும் வரவிலும் கூடவே இருப்பாராக. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் மறைக்காதே, அவரும் படிக்கட்டும்.

துணி எண்ணும் அறையிலிருந்து,
உன் அம்மா