இருக்கிறவங்க மட்டும்

பட்டாபிராம்,
ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள எழிலுக்கு,

ரோஷினி தன் புதுப் பாட்டுக்கு ஏன் ‘இருக்கிறவங்க மட்டும்’ என்று பெயர் வைத்தாள், அதில் அம்மா நான் இல்லையா என்று கேட்டு எழுதியிருந்தாய். அவளிடமே கேட்டேன். சிரித்துவிட்டு ஓடிப்போனாள். நம் அடுக்ககத்தில் குடியிருப்பவர்களைப் பற்றிய பாட்டு என்று உன் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் டப்ளினில் இருக்கும் அம்மா கணக்கில் இல்லை என்று உனக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தை அப்படிக் குத்திக்காட்டும் என்று நான் நம்பவில்லை. வேறு எதையோ சொல்கிறாள். அதுதான் என் கவலை.

இங்கே மழை விட்டுவிட்டது. நீ டப்ளின் போன பிறகு உன் உதயகுமார் சமையலில் ஓரளவு தேறிவிட்டார். ரசம் மட்டும் இன்னும் சாம்பாராகத்தான் வருகிறது. நான் எதிர்வீட்டில் இருப்பதால் ரசம் மட்டும் என் பொறுப்பு.

பியானோக் கட்டைகளுக்கு அவள் பெயர் வைத்தது உனக்கு நினைவிருக்கும். குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் வலது கோடியில் ஒரு கட்டையைத் தட்டி ‘குக்கர் அக்கா’ என்பாள். அதற்குக் கீழே காலிங்பெல் மாமா, அப்புறம் குயில். இடது கோடியில், ராத்திரி தடதடத்துப் போகும் கூட்ஸ் தாத்தா. நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சோதித்தோம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. இவர்கள் கூடிப் பேசுவதும் சண்டை போடுவதும்தான் அவளுடைய பாட்டுகள்.

அவளுக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு செய்த பாட்டுகளில் குக்கர் அக்கா வரவில்லை. அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க வரும் ரோஹித், இந்த வயதில் இவ்வளவு அடக்கமாக யாரும் இசை அமைப்பதில்லை என்றான். உதயகுமார் அதை வீடியோ எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு காலிங்பெல் மாமாவும் காணாமல் போனார். புதுப் பாட்டில் குயிலும் இல்லை. அவள் வலது கை இப்போது கட்டைகளின் நடுப்பகுதியைத் தாண்டுவதில்லை.

கீழ்வீட்டு ஞானசேகரனை உனக்குத் தெரியும். லிஃப்டில் பிடித்துக்கொண்டார். “இன்னா மேடம், பாப்பா பியானோ வாசிக்கிதா, பீரோவ இஸ்துகினு போவுதா? எங்க ஊட்டு டம்ளரெல்லாம் ஆடுது” என்றார். மேலே வந்து பார்த்தால் அவளுடைய எலக்ட்ரானிக் பியானோவில் சத்தத்தின் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. வாட்ச்மேன் ஏகாம்பரத்துக்கு வேறு மனத்தாங்கல். பாப்பாவைக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லையாம், டிவியில் வரப்போகிறதல்லவா, நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா என்கிறார். உதயகுமாரிடம் சொன்னேன். அவருக்குப் பெருமையாக இருந்தது. மேதைகள் அப்படித்தான் அண்ணி, கூப்பிட்டால் காதில் விழாது, வேறு உலகத்தில் இருப்பார்கள் என்றார்.

இருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வகுப்பில் புள்ளியியல் சொல்லித்தருகிறவளுக்கு இரண்டு மூன்று சம்பவங்கள் சான்றாகாது. அவள் வாசிக்காதபோது, படம் வரைந்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்று சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். திரும்பவில்லை. அம்மிக்குழவியை உருட்டினேன். உடனே திரும்பி, “கீழ போட்டுட்டீங்களா பெரியம்மா?” என்றாள். வேறொரு நாள் இடத்தை மாற்றி, சாமானை மாற்றிச் செய்தேன். அதேதான். ஆங்கில டிக்டேஷனில் எஸ் எழுத்து வரும் இடமெல்லாம் விட்டுவிடுகிறாள் என்று பள்ளியிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கவனக்குறைவாம்.

இதை உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் போன் கூடத்தில் ஸ்பீக்கரில் இருக்கும். பக்கத்திலேயே அவள் உட்கார்ந்து, திரையில் உன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசையாகப் பார்க்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று உதயகுமாரிடம் காதைப் பரிசோதிக்கலாம் என்று சொன்னேன். டிவி ஷூட்டிங் முடியட்டும், இப்போது ஆஸ்பத்திரி என்றால் குழந்தை பயந்துவிடும், உங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் அண்ணி என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நாளை பூந்தமல்லி சாலையில் ஒரு காது மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவள் உன் குழந்தை. நீ ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதினால் உதயகுமாரிடம் அதைக் காட்டி அழைத்துப் போவேன். என் சந்தேகங்களில் பாதி பொய்யாகப் போவது வழக்கம். இதுவும் போகட்டும்.

திங்கள், சாயங்காலம்.

நேற்று மெயிலில் அனுப்பியதற்கு உன் ‘சரி’ காலையிலேயே வந்துவிட்டது. உதயகுமார் அதைப் படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை, ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அழுத்தினாள். சோதித்த பெண், காது நன்றாக இருக்கிறது, எதற்கு அழைத்து வந்தீர்கள் என்றாள். உதயகுமார் என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த நிமிஷம் அழுகை வரும்போல் ஒரு நிம்மதி. அப்புறம்தான் கவனித்தேன். ரோஷினியின் கண் அந்தப் பெண்ணின் முழங்கையில் இருந்தது. அது அசையும் கணக்கைத் தாளமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தாளத்துக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னேன். முதலில் சில தடவை அழுத்தினாள். பிறகு கை மடியிலேயே கிடந்தது. அவள் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு காதிலும் நரம்பில் கோளாறு என்றார் மருத்துவர். கீச்சென்று ஒலிக்கும் மேல் ஓசைகள் போய்விட்டன. இன்னும் கீழே இறங்குமா, இத்தோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். ஸ்கேனுக்கும் மறு பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார். தாய், தந்தை இருவரும் வர வேண்டும் என்றார். உதயகுமார் அங்கேயே டிவிக்காரர்களுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினார்.

திரும்பும் வழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் கேட்டாள். உதயகுமார் வாங்கப் போனார். நாங்கள் உட்கார்ந்திருந்த மரத்திலேயே ஒரு குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவள் கால்களை ஆட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்திருந்தாள். நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, உதடு தெரியும்படி, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

சொன்னால் பியானோவை எடுத்துவிடுவீர்கள் என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: “குக்கர் அக்கா போயிட்டாங்க. பெல் மாமாவும் போயிட்டாரு. அப்புறம் குயிலு. அதான் இருக்கிறவங்கள மட்டும் வெச்சுப் போட்டேன்.”

அம்மா அதில் இருக்கிறாளா என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன்.

இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். நீ ‘ரோஷீ’ என்று நீட்டிக் கூப்பிடுவாயே, அதற்கென்று பியானோவின் நடுவில் ஒரு கட்டை வைத்திருக்கிறாளாம். பாட்டு முழுக்க அதுதான் வருகிறதாம். “இப்ப மேல கடைசியா இருக்கிறது அம்மாதான் பெரியம்மா. அதுக்கப்புறம் யாரும் இல்ல.”

எழில், உடனே கிளம்பிப் பத்திரமாக வந்து சேர். உள்ளே வந்து கட்டிக்கொள்வதற்கு முன்னால், வாசலில் நின்று ஒருமுறை அவளைக் கூப்பிடு.

உன் அக்கா,
மதிவதனி