யார் உயரத்துக்கு இந்த மேடை

பொத்தோத்தான்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள தங்கை மாரிவிக்குக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டது, நெல் காய்கிறது. நீயும் நலம் என்றுதான் சொல்வாய். அதை நம்பலாமா என்பதுதான் இப்போது என் கவலை. போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து ஹாங்காங் திரும்பும் உன் தோழி நெனிதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வீட்டுக்காரன் டெல்ஃபின் சமையலறையை இடித்துக் கட்டுவது உனக்குத் தெரியும். மேடையை என் தொடை உயரத்துக்குக் கட்டுகிறான். நீயோ நம் குடும்பத்திலேயே நெட்டை. அதில் குனிந்து மீன் நறுக்கினால் இடுப்பு போய்விடும். கொத்தனார் இஸ்கோவே கேட்டுவிட்டார், "என்னப்பா, குள்ளி யாரையாவது கூட்டிட்டு வரப்போறியா?" அவன் சிரிக்கவில்லை. "சொன்ன உயரத்துல கட்டுங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டு பெலென் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். புருஷன் கப்பலில். கிண்ணத்தில் புளிக்குழம்போடு தினமும் கட்டட வேலையை வேடிக்கை பார்க்க வந்துவிடுவாள். "ஏன்டி, உன் வீட்டுல ஆளே இல்லையா சாப்பிட?" என்று கேட்டேவிட்டேன். அதோடு அவள் வருவது நின்றது. மேடை மட்டும் உயரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். மேடைக்குக் கீழே அலமாரி வேண்டாமாம், காலியாக விடச் சொன்னான். காஸ் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டான், அது நல்லதுதான். அடுப்பும் கழுவும் தொட்டியும் ஒரே மட்டம். கொதிக்கிற பானையைத் தூக்காமல் இழுத்தே கொண்டுபோகலாம். பின்வாசல் படியை உடைத்துச் சரிவாக்கியிருக்கிறான். நெல் மூட்டை வண்டிக்காம். நெல் மூட்டை என்றைக்குச் சமையலறைக்குள் வந்தது?

நேற்று கால் வலிக்கிறதே என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேடை முன்னால் உட்கார்ந்தேன். முழங்கால் உள்ளே போனது. முழங்கை மேடையில் படிந்தது. குழாய், அடுப்புத் திருகு, எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டின. எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, மாரிவிக். பெலெனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அது வேறு.

வேலை செய்யும் வீட்டில் ஜன்னல் துடைக்கும்போது விழுந்ததாகவும் வெறும் சுளுக்கு என்றும் ஈஸ்டருக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு வந்த படங்களில் எல்லாம் முகமும் கழுத்தும்தான். டெல்ஃபினைக் கேட்டேன். "அவளையே கேளுங்கக்கா, நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்று சிமெண்ட் குழைக்கப் போய்விட்டான்.

நான் உன்னை எதுவும் கேட்கமாட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் உப்பும் வினிகரும் வைக்கிற சுவர்த் தட்டை அந்த மடையன் தன் உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறான். நீ உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எதுவரை எட்டும் என்று மட்டும் எழுது. அதுவரை இறக்கச் சொல்கிறேன்.

மாதா உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
எல்விரா