உப்பிய தரை

மாமாவுக்கு, மங்கை எழுதுவது. முட்டிவலி தேவலையா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள். குவைத்தில் நான் சுகம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. இங்கே மரப்பலகை போன்ற லேமினேட் தரை. நன்றாகப் பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டுமாம். நான் நம் வீட்டு நினைப்பில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். பலகைகள் உப்பிக்கொண்டன. வீட்டுக்காரம்மா என்னோடு வேலை செய்யும் தென்னேரி தேவகியைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள்தான் வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருந்தா இன்னாக்கா? பாத்துக்கினு தானே நின்னே?" என்றாள் தேவகி. கூசிப்போனேன். இங்கே தமிழ் பேச எனக்கு அவள் ஒருத்திதான். இப்போது அவளும் பேசுவதில்லை.

நம் கொல்லை வேர்க்கடலையை வறுத்து அனுப்புங்கள். வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பொட்டலத்தின் மேல் தேவகி பெயரை எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

மங்கை