இரண்டாம் பாகம் பார்க்காத சம்பந்தி

அசாபா,
ஞாயிறு, தேவாலயம் போய் வந்த பிறகு

அன்பு மகன் டோபென்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் பெரியப்பாவும் சுகம். மழைதான் வெளுத்து வாங்குகிறது. நேற்று உனக்குச் சினெலோவைப் பெண் கேட்க அவ்காவுக்குப் போய் வந்தோம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து "விஷயத்துக்கு வாம்மா" என்பாய். அதனால்தான் கடிதம்.

முறைப்படி இரண்டு குடம் பனங்கள்ளோடு போய்க் கதவைத் தட்டினோம். சினெலோவின் அம்மாதான் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் "ஐயோ இயேசுவே! மருமகளுக்கு விஷம் வெச்சவ வந்திருக்கா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். சந்தையில் தக்காளிக்காரி என்னைத் திட்டாத வாரம் உண்டா? வில்லி வேஷம் போடுகிறவளுக்கு அதைவிட என்ன பரிசு! ஆனால் நேற்று உன் கல்யாணம் அல்லவா அந்த வாசலில் நின்றது.

ஒருவழியாக உட்கார வைத்து, வரவேற்புக்குக் கோலாக் கொட்டையும் உடைத்தார்கள். கள்ளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தொடாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள், உனக்கே தெரியும். கொண்டுவந்தவர் முதலில் குடித்துக் காட்டுவது வழக்கம்தானே என்று ஒரு குவளை முழுக்கக் குடித்தேன். அதற்கு அந்த அம்மா, "படத்துலயும் இதேதான பண்ணுனீங்க! நீங்க மாத்து மருந்த முழுங்கிட்டு வந்து மொதல்ல குடிச்சீங்க, அப்புறம் அந்தப் பொண்ணு சுருண்டு விழுந்தா!" என்றார். கதை எழுதியவனை உதைக்க வேண்டும்.

"அவ சாகலீங்க, ரெண்டாம் பாகத்துல எழுந்திரிச்சிடுவா, நான் அவ கால்ல விழுந்து அழுவேன்" என்று கெஞ்சினேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் முதல் பாகம் மட்டுமே பார்த்திருக்கிறார். கடையில் அடுத்த பாகத்தின் சிடி தீர்ந்துவிட்டதாம். நாலு மாதமாக என்னைச் சபித்துக்கொண்டு இருந்திருக்கிறார், புண்ணியவதி!

சினெலோவின் சித்தி மழையோடு ஓடி, பக்கத்துத் தெருவில் இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கி வந்தாள். பெண் கேட்கப் போனவர்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். உன் வருங்கால மாமனார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர் ஆயிற்றே, "இந்தக் குப்பையெல்லாம் நான் பாக்கறதில்ல" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பேப்பர் மூக்குக்கு இறங்கியது, அப்புறம் மடிக்கு. நான் காலில் விழுந்து அழும் இடத்தில் சினெலோவின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு "மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்" என்று ஓவென்று அழுதார். அழுதுகொண்டே தன் கையால் கள்ளை ஊற்றிக் குடித்தார்! மாமனார் குவளையை நீட்டியபடி "மூணாம் பாகம் எப்ப வருது?" என்று மெதுவாகக் கேட்டார். டிசம்பரில் கல்யாணம், ராசா! எனக்குத் தலைகால் புரியவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள ஹூஸ்டன்லேர்ந்து பேசறப்ப, எங்கம்மா ஸ்கூல் டீச்சர்னு சொன்னாரே?" என்று கேட்டார். "டீச்சர் வேஷமும் போட்டிருக்கேன்" என்று சமாளித்தேன். உன்னை விட்டுக்கொடுப்பேனா? படித்தவர்கள் நடுவில் உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்வானேன், ஆற்றுப் பாலம் தாண்டி வீடு வந்து சேரும்வரை கோபம் இருந்தது. இப்போது இல்லை.

நீயும் சினெலோவும் பிள்ளை குட்டிகளோடு அமோகமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணப் பந்தலில் மைக் பிடிக்கிறவன், மாப்பிள்ளையின் அம்மா யார் என்று உன்னிடம் கேட்பான். ஊருக்கே தெரியும். இருந்தாலும் உன் வாயால் சொல்லப்பா. சத்தமாகச் சொல்.

உன் அம்மா,
நடிகை எபெரே