நான் குறைத்த பேஸ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். உன் நலம்தான் இப்போது என் கவலை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தானே. அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தங்கச்சி போன் செய்து அழுதாள். பின்னால் லாரி வருவது தெரியாமல் நீ நடுரோட்டில் நின்றாயாம். டிரைவர் இறங்கி வந்து, "காது கேக்காதா உனக்கு?" என்று கத்தினானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாயாம். பெண்டாட்டி கூப்பிட்டால் கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, அப்புறம் என்ன என்கிறாயாம். உனக்குக் கேட்காமல் போவது அடியில் உறுமுகிற கனத்த சத்தம் மட்டும்தான், மாப்பிள்ளை. லாரி, இடி, பாட்டுக்கு அடியில் அதிர நீ செய்கிற பேஸ்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய்? நடனப் பாட்டுக்காக நீ சிந்தசைசரில் செய்யும் ஒவ்வொரு பேஸையும் வெளியே அனுப்புமுன் கடைசியாகக் கேட்டுச் சரிசெய்பவன் நான். பதினான்கு மாதத்துக்கு முன் ஒன்று வந்தது. போட்டதும் என் மேசையிலிருந்த டம்ளர் நகர்ந்தது. அசதியில் கூட்டிவிட்டாய் என்று நினைத்து, சத்தத்தை மூன்று டெசிபல் குறைத்து அனுப்பினேன். அடுத்ததில் நான்கு. உன்னிடம் மூச்சு விடவில்லை. "என்னடா, வெளிய வர்றதெல்லாம் சோதாவா இருக்கு" என்று நீ கேட்டபோது, உன் ஸ்பீக்கர் பழசு என்றேன். அதை நம்பி நீ புதுசு வாங்கினாய். காதில் விழாமல் நீ கூட்டிக்கொண்டே போக, இப்போது பதினெட்டு குறைக்கிறேன்.

சொன்னால் சிந்தசைசரை மூடி வைத்துவிடுவாய் என்று பயந்தேன். உன் பேஸ் இல்லாமல் என்னை யார் தேடி வருவார்கள்? கூட இருந்தே குழி பறித்துவிட்டேன்.

நேற்று இங்கே ஒரு காது டாக்டரிடம், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். "ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள வந்தா மருந்து கொடுத்துப் பாக்கலாம். எவ்வளவு நாளா இருக்கு?" என்றார். ஒரு மாதம் என்றேன். உண்மை வாயில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கச்சி உன்னை டாக்டரிடம் கூட்டிப் போவாள். அடம் பிடிக்காதே. அங்கேயும் எப்போதிலிருந்து என்றுதான் முதலில் கேட்பார்கள். உனக்குத் தெரியாது. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் குறைத்த ஒவ்வொன்றும் தேதியோடு, எவ்வளவு என்று இருக்கிறது. அதை அவர்களிடம் கொடு.

திட்ட வேண்டியதை நேரில் திட்டு, வருகிறேன். அதுவரை ரோட்டில் தனியாக நடக்காதே. மிச்சமிருப்பதாவது உனக்கு நிலைக்கட்டும்.

உன் கூட்டாளி